அன்று மாயமான அதே மழை, இன்று வெள்ளமாக வருவது ஏன்? - திருமங்கலம் கரிசல் மண் சொல்லும் கணக்கு!

புரட்டாசியில் ஒருநாள் சாயங்காலம். திருமங்கலத்தில் கறுத்துக்கொண்டு வந்து கொட்டுகிறது மழை. பேருந்து நிலையத்தில் நின்றவர்கள் எல்லாம் கடை ஓரம் ஒதுங்குகிறார்கள். ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர். மறுநாள் காலையில் குண்டாற்றுப் பக்கம் போய்ப் பார்த்தால், மணல் மேல்பரப்பு மட்டும்தான் நனைந்திருக்கும். அங்கங்கே நாலு குட்டை. அவ்வளவுதான்.

அதே ஊர். அதே ஆறு. ஐப்பசிக் கடைசியில் இன்னொரு சாயங்காலம். அதே 5 சென்டிமீட்டர். விடிவதற்குள் ஓடைகள் எல்லாம் செம்மண்ணும் கரிசலும் கலந்த நிறத்தில் பாய்கின்றன. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர். அக்கரையில் ஒரு பள்ளிக்கூட வேன், இக்கரையில் பால் வண்டி.

மழையின் அளவு ஒன்றுதான். பிறகு எப்படி ஒருநாள் ஆறு தூங்குகிறது, ஒருநாள் ஊரையே எழுப்புகிறது? "எல்லாம் மழையோட வேகம்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அது பாதிப் பதில்தான். மீதிப் பதில் நம் காலுக்குக் கீழே இருக்கிறது.

வெடிப்பு என்கிற வாய்

திருமங்கலம், கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டி வட்டாரத்தில் வண்டியில் போகிறவர்களுக்குக் கரிசலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் வயல் முழுக்கப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வெடிப்புகளில் முழுக்கையையும் விடலாம். ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும்.

இந்த மண்ணில் இருக்கும் களிமண் துகளுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அந்தச் சுருக்கம்தான் வெடிப்பு. கோடை முடிந்து முதல் மழை வரும்போது, வயல் முழுக்க ஆயிரக்கணக்கான வாய்கள் திறந்து காத்திருக்கின்றன. தண்ணீர் மேலே தங்குவதே இல்லை. வெடிப்பு வழியாக நேராக அடிமண்ணுக்குப் போய்விடுகிறது. "கம்மாய்க்குத் தண்ணி வந்துச்சா?" என்று கேட்டால், "மண்ணு குடிச்சது போகத்தானே கம்மாய்க்கு!" என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

இரண்டு மூன்று நல்ல மழைக்குப் பிறகு கதை தலைகீழ். மண் உப்பி, வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. ஈரமான கரிசலுக்குள் தண்ணீர் இறங்கும் வேகம் மணிக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான். கிட்டத்தட்டத் தார்ப்பாய் விரித்தது போல. இனி விழும் மழையில் பெரும்பகுதி ஓடைக்குத்தான் போகும், வேறு வழியில்லை.

செம்மண்ணில் இந்த மாற்றம் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். கரிசலில் அப்படியில்லை. கதவு திறந்திருக்கிறது, திறந்திருக்கிறது, திடீரென்று மூடிக்கொள்கிறது. இந்தத் 'திடீர்' எப்போது என்று முன்கூட்டியே சொல்வதுதான் உலகம் முழுக்க நீரியல் அறிஞர்களின் மண்டையைக் குடையும் கேள்வி.

ஒண்ணாம் தேதிச் சம்பளம்

இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். வீட்டு வரவு செலவு தெரிந்தால் போதும்.

ஒண்ணாம் தேதி சம்பளம் வருகிறது. முதலில் என்ன செய்கிறோம்? மளிகைக்கடைப் பாக்கி, சீட்டுப் பணம், வாடகை என்று பழைய கடன்களை அடைக்கிறோம். அது போக மிஞ்சினால்தான் கையில் காசு. மழைதான் சம்பளம். மண்ணின் வறட்சிதான் பழைய கடன். கடன் தீர்ந்தபின் மிஞ்சுவது ஆற்றுக்கு.

கடன் நிறைய இருக்கும் மாதத்தில் 50 ஆயிரம் வந்தாலும் கையில் ஒன்றும் நிற்காது. கடனே இல்லாத மாதத்தில் அதே 50 ஆயிரமும் அப்படியே கையில். வந்த பணம் ஒன்றுதான், மிஞ்சியதுதான் வேறு வேறு. ஆகவே, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போட விரும்புகிறவர், 'இன்று எவ்வளவு மழை' என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. 'மண்ணுக்கு இன்னும் எவ்வளவு கடன் பாக்கி' என்றும் கேட்க வேண்டும்.

1892-லேயே ஒரு அட்டவணை

இந்தச் சூட்சுமத்தை நம் நாட்டு மண்ணிலேயே ஒரு பொறியாளர் பிடித்துவிட்டார். ஸ்ட்ரேஞ்ச் என்பது அவர் பெயர். இன்றைய மகாராஷ்டிரா - கர்நாடகா எல்லைப் பகுதிகளின் மழையையும் நீர்வரத்தையும் ஆராய்ந்து, 1892-ல் அவர் உருவாக்கிய அட்டவணை இன்றும் பொறியியல் கல்லூரிகளில் பாடம். அன்றாட மழைக்கு அவர் ஒரே விடை தரவில்லை, மூன்று விடை தந்தார். நிலம் காய்ந்திருந்தால் ஒன்று, ஈரப்பதமாக இருந்தால் ஒன்று, நன்றாக நனைந்திருந்தால் ஒன்று.

பிறகு 1950-களில் அமெரிக்காவின் மண் பாதுகாப்புத் துறை, இதே யோசனையை 'வளைகோட்டு எண்' என்ற முறையாக்கியது. ஒவ்வொரு நிலத்துக்கும் 100-க்குள் ஒரு மதிப்பெண். எண் கூடக்கூட, ஓடும் தண்ணீரும் கூடும். கடந்த ஐந்து நாளில் எவ்வளவு மழை பெய்தது என்பதைப் பார்த்து அந்த மதிப்பெண்ணைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். இந்தியாவில் இதைப் பயன்படுத்தியபோது, நம் கரிசல் மண்ணுக்கு மட்டும் தனி விதி தேவைப்பட்டது. காய்ந்த கரிசலுக்கு ஒரு கணக்கு, நனைந்த கரிசலுக்கு வேறு கணக்கு. கரிசலின் இரட்டைக் குணத்துக்குச் சூத்திரமே வளைந்து கொடுத்திருக்கிறது!

ஒரே மழை... இரண்டு விடை!

சும்மா சொன்னால் எப்படி? போட்டே பார்ப்போம். சாகுபடி நடக்கும் கரிசல் நிலம் ஒன்றுக்கு மதிப்பெண் 88 என்று வைத்துக்கொண்டு, இந்திய விதிப்படி கணக்குப் போட்டால் வரும் விடை இது.

- 2 செ.மீ. மழை, காய்ந்த நிலம்: ஓடைக்குப் போவது பூஜ்யம். ஒரு சொட்டுக்கூட இல்லை.
- 2 செ.மீ. மழை, நனைந்த நிலம்: சுமார் 1 செ.மீ. ஓடிவிடும். அதாவது பாதி மழை.
- 5 செ.மீ. மழை, காய்ந்த நிலம்: ஓடுவது 7 மில்லிமீட்டருக்கும் குறைவு.
- 5 செ.மீ. மழை, நனைந்த நிலம்: ஓடுவது சுமார் 37 மில்லிமீட்டர்.

மில்லிமீட்டரில் சொன்னால் மனதில் பதியாது. லாரித் தண்ணீர்க் கணக்கில் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் விழும் 5 செ.மீ. மழையிலிருந்து, காய்ந்த காலத்தில் ஓடைக்கு வருவது சுமார் 66 லட்சம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் 550 லோடு. நனைந்த காலத்தில் 3 கோடியே 70 லட்சம் லிட்டர். சுமார் 3,100 லோடு!

இது ஒரு சதுர கிலோமீட்டருக்கு மட்டும். ஒரு ஆற்றுக்குத் தண்ணீர் தரும் நிலப்பரப்போ நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் இருக்கும். தரைப்பாலம் ஏன் ஒருநாள் காய்ந்து கிடக்கிறது, ஒருநாள் மூழ்குகிறது என்பது இப்போது புரிகிறதுதானே?

கண்மாய்... இரண்டாவது சுவிட்ச்

மண் முதல் சுவிட்ச் என்றால், நம் பக்கத்தில் இரண்டாவதாக ஒன்றும் இருக்கிறது. அதுதான் கண்மாய்.

வருசநாட்டு மலைகளின் கிழக்குச் சரிவில் தொடங்கும் குண்டாறு, திருமங்கலத்தைத் தொட்டு, திருச்சுழி, கமுதி வழியாக மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. வழியெங்கும் கண்மாய்கள். ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால், அந்தத் தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு. அது நிறைந்தால் அதற்கடுத்த ஊருக்கு. சங்கிலி மாதிரி கோத்து வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர்.

மேல் ஊர்க் கண்மாய் காலியாக இருக்கும்வரை, கீழ் ஊருக்கு வெள்ளபயம் கிடையாது. அது பாதி நிறைந்தாலும் பயமில்லை. முக்கால் நிறைந்தாலும் பயமில்லை. கலுங்கைத் தண்ணீர் தொட்ட அந்த நிமிடம் கணக்கு மாறுகிறது. அதுவரை எல்லாத் தண்ணீரையும் பிடித்து வைத்திருந்த கண்மாய், அடுத்து வரும் தண்ணீரைக் கீழே அனுப்பத் தொடங்குகிறது. சங்கிலியில் உள்ள கண்மாய்கள் அடுத்தடுத்து நிறைந்துவிட்டால், மலையடிவாரத்து மழை நேராக உங்கள் ஊர் வாசலுக்கே வரும். கரை உடைந்துவிட்டாலோ, பல நாள் சேர்ந்த தண்ணீர் சில மணி நேரத்தில் மொத்தமாக வரும்.

வெளிநாட்டு நதிகளுக்காக எழுதப்பட்ட கணினி மாதிரிகளை அப்படியே கொண்டுவந்து இங்கே ஓட்டினால் தப்பாவதற்கு இதுவும் ஒரு காரணம். நம் ஆறுகளில் எத்தனை கண்மாய், ஒவ்வொன்றிலும் இன்று எவ்வளவு தண்ணீர், மறுகால் எங்கே போகிறது என்று தெரியாத மாதிரி, பாதி ஊரைப் பார்க்காமலே ஊரைப் பற்றிப் பேசுவது போலத்தான்.

சென்னையும் செல்லூரும் சொன்ன பாடம்

இரண்டு சுவிட்சும் ஒன்றாக விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015-ஐவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை. அந்த ஆண்டு நவம்பரில் மட்டும் சென்னை நுங்கம்பாக்கத்தில் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மண் நனைந்துவிட்டது. ஏரிகள் நிறைந்துவிட்டன. அதன் மேல்தான் டிசம்பர் 1-ம் தேதி மழை வந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. அந்த மழையை வாங்கிக்கொள்ள மண்ணிலும் இடமில்லை, ஏரியிலும் இடமில்லை. செம்பரம்பாக்கத்தில் திறந்த தண்ணீரோடு, அடையாற்றின் மேற்பகுதி ஏரிகளிலிருந்து வழிந்த தண்ணீரும் சேர்ந்துகொண்டது. பிறகு நடந்தது நாம் எல்லோரும் பார்த்ததுதான்.

நம் மதுரைக்கும் அப்படி ஒருநாள் வந்தது. 2024 அக்டோபர் 25. ஒரே பிற்பகலில் ஏறக்குறைய 10 செ.மீ. மழை. செல்லூர் கண்மாய் வழிந்து, பந்தல்குடி வாய்க்கால் பொங்கி, சுற்றியுள்ள குடியிருப்புகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கண்மாயிலிருந்து வைகைக்கு உபரிநீரைக் கொண்டுபோகத் தனிக் கால்வாய் கட்டும் திட்டமும் அதன் பிறகு அறிவிக்கப்பட்டது.

செல்லூர் காட்டியது மூன்றாவது சுவிட்சை. அது சிமென்ட். கூரைக்கும் தார்ச்சாலைக்கும் கான்கிரீட் முற்றத்துக்கும் வளைகோட்டு எண் 98. புரட்டாசி, ஐப்பசி என்ற வித்தியாசமெல்லாம் அதற்குக் கிடையாது. எந்த நாளில் பெய்தாலும் கிட்டத்தட்ட மொத்த மழையையும் தெருவுக்குத் தள்ளிவிடும்.

கரிசல் வெடிப்பு மூடினாலும், அடுத்த கோடையில் திரும்பத் திறந்துவிடும். கண்மாய் நிறைந்தாலும், பாசனத்துக்குத் திறந்தால் திரும்ப இடம் கிடைக்கும். சிமென்ட் மட்டும் திரும்பிப் போகாது. நான்குவழிச் சாலையை ஒட்டித் திருமங்கலம் வளர்ந்துகொண்டிருக்கிறது. வளரட்டும். ஆனால் வரத்துக்கால்வாய் ஓரத்தில் மனை வாங்கும்போது, 'இருபது வருசமா இந்தப் பக்கம் தண்ணி வந்ததே இல்லை' என்று யாராவது சொன்னால், அது பழைய நிலத்துக்கான கணக்கு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மழை திரும்பியது... ஆறு திரும்பவில்லை!

இதுவரை வெள்ளத்தைப் பற்றிப் பேசினோம். இதே விஷயத்துக்கு இன்னொரு முகம் உண்டு. அது இன்னும் ஆச்சர்யமானது.

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் 1997 முதல் 2009 வரை கடுமையான வறட்சி. பிறகு மழை திரும்பியது. ஆறுகளும் பழையபடி ஓடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஓடவில்லை. டிம் பீட்டர்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், வறட்சி முடிந்து ஏழு ஆண்டுகள் ஆன பிறகும் 37 சதவிகித ஆற்றுப் பகுதிகள் மீளவில்லை என்று சொன்னார்கள். அதே அளவு மழை பெய்தாலும் முன்பைவிடக் குறைவான தண்ணீர்தான் ஆற்றுக்கு வருகிறது. விழும் மழையில் மரஞ்செடிகள் குடிக்கும் பங்கு கூடியிருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? ஒரு ஆற்றுக்கு ஒரே ஒரு குணம்தான் என்று நினைக்காமல், இரண்டு மூன்று 'மனநிலைகள்' இருக்கலாம் என்று கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மனநிலை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எவ்வளவு மழைக்கு எவ்வளவு தண்ணீர் வந்தது என்ற பழைய பதிவேட்டைப் பார்த்து, ஆறு எந்த ஆண்டில் எந்த மனநிலையில் இருந்தது, எப்போது திடீரென மாறியது என்று கணினி ஊகித்துச் சொல்கிறது. வீட்டுக்கு வரும் மாமாவின் முகத்தைப் பார்த்தே இன்று நல்ல மூடா இல்லையா என்று பிள்ளைகள் கண்டுபிடிப்பார்களே, அந்த மாதிரி.

கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருக்கும் நமக்கு இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. மதுரை மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறக்குறைய 85 செ.மீ. 'சராசரி மழை பெய்துவிட்டது, பிறகு ஏன் கண்மாய் நிறையவில்லை?' என்ற கேள்வி எழும்போது, மழையை மட்டும் பார்த்துப் பயனில்லை. வரத்துக்கால்வாய் அடைபட்டிருக்கிறதா, மேலே எங்காவது தண்ணீர் திரும்பிவிட்டதா, நீர்பிடிப்புப் பகுதி முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிவிட்டதா என்று நிலத்தையும் பார்க்க வேண்டும்.

கணினிக்கு நினைவாற்றல்

பாட்னாவில் 2018-ல் மத்திய நீர் ஆணையத்துடன் சேர்ந்து வெள்ள எச்சரிக்கைச் சோதனையைத் தொடங்கிய கூகுள் நிறுவனம், இன்று செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வெள்ளத்தைக் கணிக்கிறது. அதில் பயன்படும் ஒருவகை வலைப்பின்னலுக்கு 'நினைவு' என்பதே பலம். இன்றைய மழையோடு, கடந்த பல மாத மழையையும் வெயிலையும் அது மனதில் வைத்திருக்கும். மண் காய்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா என்பதை யாரும் சொல்லித்தராமலே தானாகக் கற்றுக்கொள்கிறது. சென்னைக்கென்று தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் உருவாக்கிய முன்னெச்சரிக்கை அமைப்பும் மழை, ஆறு, கடல் மட்டம் எல்லாவற்றையும் சேர்த்தே கணக்கிடுகிறது.

ஆனால், எந்தக் கணினிக்கும் தீனி போட அளவீடு வேண்டும். ஆண்டில் பெரும்பாலான நாள் காய்ந்து கிடக்கும் சிறிய ஆறுகளுக்குத்தான் உலகம் முழுக்க அளவீடு குறைவு. ஆபத்து திடீரென வருவதும் அங்கேதான். அந்த இடைவெளியை நிரப்ப, நாமே கொஞ்சம் செய்யலாம்.

உங்கள் மொட்டைமாடியில் ஒரு மழைமானி

1. பக்கங்கள் நேராக இருக்கும் ஒரு எவர்சில்வர் டப்பாவை மொட்டைமாடியில் மரநிழலோ சுவரோ மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு உள்ளே ஸ்கேலை விட்டுப் பாருங்கள். தண்ணீரின் உயரம்தான் மழையின் அளவு. அளந்ததும் கொட்டிவிடுங்கள்.

2. காலண்டரில் எழுதிவையுங்கள். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் விடவே மாட்டார்கள். கடைசி ஐந்து நாள் கூட்டுத்தொகை 5 செ.மீ.-ஐத் தாண்டினால், மண்ணின் கதவு மூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இனி சாதாரண மழைகூடச் சாதாரணமில்லை.

3. உங்கள் ஊர்க் கண்மாயை மட்டும் பார்க்காதீர்கள். மேல் ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்கு ஒரு போன். "மாமா, உங்க கம்மாய் மறுகால் போகுதா?" அந்த ஒரு கேள்விக்கு வரும் பதில், உங்களுக்குச் சில மணி நேர அவகாசம்.

4. கரிசல் வயல்களில் வெடிப்பு மூடிவிட்டதா என்று பாருங்கள். மூடியிருந்தால், ஓடையை ஒட்டி ஆடு மாடு கட்டுவதையும் இரவில் மோட்டார் ரூமில் படுப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

5. தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் வண்டியை இறக்கவே வேண்டாம். வேகமாக ஓடும் அரை அடித் தண்ணீர் ஆளைச் சாய்க்கும். ஒரு அடித் தண்ணீர் சிறிய காரை இழுத்துக்கொண்டு போகும். 'போன மாசம் இதே மழைக்குப் போனேனே' என்ற தைரியம்தான் மிகவும் ஆபத்தானது. போன மாதம் மண் வேறு, இந்த மாதம் மண் வேறு.

வானிலை அறிக்கையில் '5 செ.மீ. மழை பெய்யும்' என்று சொல்லும்போது, வானம் தரப்போவதை மட்டும்தான் சொல்கிறார்கள். அதில் மண் எவ்வளவு எடுத்துக்கொள்ளும், ஆற்றுக்கு எவ்வளவு விடும் என்பது வேறு கணக்கு. அடுத்த மழைக்கு முன் ஒருமுறை வயல் வரப்பில் நடந்து பாருங்கள். வெடிப்பு திறந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். மூடியிருந்தால், மேல் ஊர் மாமாவுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.